வரி, கப்பல், போர்: அமெரிக்கக் குடியரசின் முதல் முப்பது ஆண்டுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1783 முதல் 1816 வரை அமெரிக்கா வெளிநாடுகளோடு போட்ட சண்டைகளையும் செய்துகொண்ட உடன்படிக்கைகளையும் தனித்தனியாகப் படித்தால் தலை சுற்றும். சுங்கச் சாவடியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும். அந்த அரசின் வருமானத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இறக்குமதி வரி. கப்பல் வந்தால்தான் கஜானாவில் காசு.

1783-லேயே விடுதலை கிடைத்துவிட்டது. பிறகும் பிரிட்டனோடு என்ன தகராறு?

1783 செப்டம்பர் 3 அன்று கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையை இரண்டு தரப்புமே மீறின. டெட்ராய்ட், நயாகரா, ஆஸ்வீகோ முதலிய எல்லைக் கோட்டைகளைக் காலி செய்வதாகச் சொன்ன பிரிட்டன் செய்யவில்லை. மென்மயிர் விலங்குத்தோல் வணிகம் அந்தக் கோட்டைகள் வழியாகத்தான் நடந்தது. கேட்டால், "எங்கள் வணிகர்களுக்குத் தரவேண்டிய பழைய கடனை முதலில் அடையுங்கள்" என்றது. அதிலும் உண்மை இருந்தது. வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டக்காரர்கள் போருக்கு முன் வாங்கிய கடனை வசூலிக்க உள்ளூர் நீதிமன்றங்கள் வழிவிடவில்லை.

இதைவிட வலித்தது வேறொன்று. 1783 ஜூலையில் பிரிட்டன் தன் மேற்கிந்தியத் தீவுகளை அமெரிக்கக் கப்பல்களுக்கு அடைத்தது. மாவும் மீனும் மரமும் கொண்டுபோய் இறக்கிவிட்டுச் சர்க்கரைப்பாகு ஏற்றிவந்த துறைமுகங்கள் அவை. பேரரசுக்குள் இருந்தபோது கிடைத்த சந்தை, வெளியே வந்ததும் போனது.

உடனே பதிலுக்கு வரி போட்டிருக்கலாமே?

முடியவில்லை. அன்றைய கூட்டமைப்புச் சட்டத்தின்படி காங்கிரசுக்கு வரி போடவும் அதிகாரமில்லை, வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தவும் அதிகாரமில்லை. ஒரு மாநிலம் பிரிட்டிஷ் கப்பலுக்கு வரி போட்டால் அந்தக் கப்பல் பக்கத்து மாநிலத் துறைமுகத்துக்குப் போய்விடும். இறக்குமதிக்கு 5 சதவீத வரி கொண்டுவர இரண்டு முறை முயன்றார்கள். 13 மாநிலங்களும் ஒப்ப வேண்டும் என்பது விதி. முதல் முறை ரோட் ஐலண்ட் மறுத்தது, இரண்டாம் முறை நியூயார்க் முட்டுக்கட்டை போட்டது. 1787-இல் புதிய அரசமைப்பு எழுத உட்கார்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1789-இல் வந்த வரி எப்படிக் கணக்கிடப்பட்டது?

ஜூலை மாதம் முழுக்க இதே வேலையாக இருந்தது. 4-ஆம் தேதி இறக்குமதி வரிச் சட்டம், 20-ஆம் தேதி கப்பல் டன் வரிச் சட்டம், 31-ஆம் தேதி சுங்கத்துறையை அமைக்கும் சட்டம். பெரும்பாலான பொருளுக்கு மதிப்பில் 5 சதவீதம். சில பொருளுக்கு எடைக்கு இவ்வளவு, காலனுக்கு இவ்வளவு என்று தனிக் கணக்கு. டன் வரியில்தான் அரசியல் இருந்தது. அமெரிக்காவில் கட்டி அமெரிக்கருக்குச் சொந்தமான கப்பலுக்கு டன்னுக்கு 6 சென்ட். அமெரிக்காவில் கட்டி வெளிநாட்டாருக்குச் சொந்தமானால் 30 சென்ட். முழுக்க வெளிநாட்டுக் கப்பலானால் 50 சென்ட். அதாவது 200 டன் கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் வந்தால் நம்மாளுக்கு 12 டாலர், அந்நியருக்கு 100 டாலர்.

பிரிட்டனுக்கு மட்டும் தனியாகக் கூடுதல் வரி போட வேண்டும் என்று காங்கிரஸ் உறுப்பினர் மேடிசன் வாதாடினார். முதல் நிதியமைச்சரான ஹாமில்டனின் தரப்பு ஒப்பவில்லை. இறக்குமதியில் பெரும்பகுதி பிரிட்டிஷ் சரக்கு. அதை விரட்டினால் கடனுக்கு வட்டி கட்டப் பணம் எங்கிருந்து வரும் என்பது அவர்கள் கேள்வி. அடுத்த 25 ஆண்டுகளும் இந்த ஒரு வாக்குவாதம்தான் வேறு வேறு பெயரில் ஓடிக்கொண்டிருந்தது.

பிரான்சோடு 1778-இல் கூட்டணி இருந்ததே, 1793-இல் ஏன் நடுநிலை?

பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டதும் 1793 ஏப்ரல் 22 அன்று வாஷிங்டன் நடுநிலை அறிவித்தார். கடற்படை என்று ஒன்றே அப்போது இல்லை. ஆனால் பிரெஞ்சுத் தூதர் ஜெனே ஏப்ரல் 8-ஆம் தேதியே சார்ல்ஸ்டனில் வந்து இறங்கி, பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களைப் பிடிக்கத் தனியார் கப்பல்களுக்கு உரிமப் பத்திரம் வழங்கத் தொடங்கிவிட்டார். பிடிபட்ட ஒரு பிரிட்டிஷ் கப்பலைத் தலைநகர் ஃபிலடெல்ஃபியாவிலேயே ஆயுதம் பூட்டிக் கடலுக்கு அனுப்பியபோது ஆதரவாளராக இருந்த வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சனும் கைவிட்டார். அமெரிக்க மண்ணில் ஆள் சேர்ப்பதும் கப்பலுக்கு ஆயுதம் பூட்டுவதும் குற்றம் என்று 1794-இல் சட்டமே வந்தது.

இங்கே ஒரு திருத்தம். "சிக்கலில் மாட்டும் கூட்டணிகள் வேண்டாம்" என்ற புகழ்பெற்ற தொடரைப் பலரும் வாஷிங்டன் வாயில் போடுகிறார்கள். அது ஜெஃபர்சன் 1801-இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற உரையில் சொன்னது. வாஷிங்டன் 1796-இல் வெளியிட்ட விடைபெறும் மடலில் எச்சரித்தது நிரந்தரக் கூட்டணிகளைப் பற்றி.

ஜே உடன்படிக்கையில் அப்படி என்ன இருந்தது? ஏன் ஜான் ஜேயின் உருவப் பொம்மையை எரித்தார்கள்?

1793 நவம்பரில் பிரிட்டன் ஒரு ஆணையைச் சத்தமில்லாமல் பிறப்பித்து, பிரெஞ்சுத் தீவுகளோடு வணிகம் செய்த அமெரிக்கக் கப்பல்களை வளைத்துப் பிடித்தது. கரீபியனில் மட்டும் 250-க்கும் மேல் சிக்கின. போர் வாசலுக்கு வந்துவிட்ட நிலையில் தலைமை நீதிபதி ஜே லண்டன் போனார். 1794 நவம்பர் 19-இல் கையெழுத்து.

கிடைத்தது: 1796 ஜூன் 1-க்குள் எல்லைக் கோட்டைகள் காலி, பறித்த கப்பல்களுக்கு நடுவர் குழு மூலம் இழப்பீடு. அந்த இழப்பீடு கடைசியில் ஒரு கோடி டாலரைத் தாண்டியது. பழைய கடன் விவகாரத்தில் அமெரிக்கா 1802-இல் 6 லட்சம் பவுண்டு மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை முடித்தது. கிடைக்காதது: கடலில் மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

12-ஆம் பிரிவுதான் அவமானம். மேற்கிந்தியத் தீவுகளுக்கு 70 டன்னுக்கு மேற்படாத கப்பல் மட்டும் வரலாம், பதிலுக்குச் சர்க்கரைப்பாகு, சர்க்கரை, காப்பி, கொக்கோ, பருத்தி ஆகியவற்றை அமெரிக்கக் கப்பல்கள் வேறெங்கும் ஏற்றிச் செல்லக்கூடாது. சொந்த நாட்டில் விளையும் பருத்தியும் அந்தப் பட்டியலில் மாட்டிக்கொண்டது. செனட் அந்தப் பிரிவை நிறுத்திவைத்துவிட்டு மற்றதை 20–10 வாக்கில் ஏற்றது. மூன்றில் இரண்டு பங்கு தேவை, ஒரு வாக்குகூட மிச்சமில்லை.

அடுத்த பிரிவை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை, நமக்கோ அது முக்கியம். பிரிட்டிஷ் இந்தியத் துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல்கள் வணிகம் செய்ய 13-ஆம் பிரிவு அனுமதித்தது. இந்தியாவில் ஏற்றிய சரக்கை அமெரிக்காவில்தான் இறக்க வேண்டும், ஒரு இந்தியத் துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு ஓட்டக்கூடாது என்பவை நிபந்தனைகள்.

பிரான்சோடு நடந்தது போரா, இல்லையா?

போர் அறிவிக்கப்படவில்லை, ஆனால் பீரங்கி வெடித்தது. ஜே உடன்படிக்கையால் கடுப்பான பிரான்ஸ் அமெரிக்க வணிகக் கப்பல்களை நூற்றுக்கணக்கில் பிடித்தது. சமாதானம் பேசப் போன மூவரிடம், அமைச்சர் தாலேராந்துக்கு 50,000 பவுண்டு கையூட்டும் பிரான்சுக்குப் பெரிய கடனும் தந்தால்தான் பேச்சே என்று தரகர்கள் சொன்னார்கள். ஊரில் கடிதங்களை வெளியிட்டபோது அந்தத் தரகர்களின் பெயரை மறைத்து எக்ஸ், ஒய், இசட் என்று எழுதினார்கள். 1798-இல் கடற்படைக்குத் தனித் துறை வந்தது, 1778 உடன்படிக்கைகள் ரத்தாயின. 1799 பிப்ரவரி 9 அன்று நெவிஸ் தீவு அருகே கான்ஸ்டெல்லேஷன் கப்பல் பிரெஞ்சுப் போர்க்கப்பல் லேன்சுர்ஜான்ட்டைப் பிடித்தது. 1800-இல் உச்ச நீதிமன்றம் இதை முழுமையற்ற போர் என்று வகைப்படுத்தியது. அதே ஆண்டு செப்டம்பர் 30-இல் மோர்ட்ஃபோன்டேன் உடன்படிக்கையோடு முடிந்தது. பதற்றத்தைச் சாக்காக வைத்து அரசை விமர்சிப்பவர்களைச் சிறையில் தள்ளும் தேசத்துரோகச் சட்டம் கொண்டுவந்ததுதான் இந்த விவகாரத்தின் அசிங்கமான பக்கம்.

வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளைக்குக் கப்பம் கட்டினார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஆனால் அது வெறும் கொள்ளை அல்ல, அரசு நடத்திய வசூல். அல்ஜியர்ஸ், டுனிஸ், டிரிப்போலி ஆட்சியாளர்கள் கப்பம் கட்டாத கொடியின் கப்பலைப் பிடித்து மாலுமிகளை அடிமைகளாக வைத்துக்கொண்டு மீட்புப்பணம் கேட்பார்கள். பிரிட்டிஷ் கொடியின் நிழல் 1783-இல் போனதும் அமெரிக்கக் கப்பல்கள் திறந்தவெளியில் நின்றன. 1795-இல் அல்ஜியர்ஸுக்குச் சம்மதித்த தொகை 6,42,500 டாலர், அதற்குமேல் ஆண்டுதோறும் பாய்மரம், கயிறு, பலகை என்று கப்பல் சாமான். கூட்டாட்சியின் ஓராண்டு வருமானம் சில பத்து லட்சம் டாலராக இருந்த காலம் அது.

ஒருவனுக்குக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவனும் கை நீட்டுவான். டிரிப்போலி கூடுதலாகக் கேட்டது, கிடைக்காததால் 1801 மே மாதம் அமெரிக்கத் தூதரகக் கொடிமரத்தை வெட்டிச் சாய்த்தது. அங்கே போர் அறிவிக்கும் முறை அதுதான். 1803 அக்டோபர் 31-இல் ஃபிலடெல்ஃபியா என்ற போர்க்கப்பல் துறைமுகத்தருகே பாறையில் ஏறிச் சிக்கியது. பீரங்கிகளைக் கடலில் தள்ளியும் முன் பாய்மரத்தை வெட்டியும் பார்த்தார்கள், கப்பல் அசையவில்லை. 300-க்கும் மேற்பட்டோர் கைதிகள். எதிரி அதைப் பயன்படுத்தாதபடி 1804 பிப்ரவரியில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி டிகேட்டர் இரவோடு இரவாகப் போய்க் கொளுத்திவிட்டு வந்தார். கடைசியில் 1805-இல் கைதிகளை மீட்க 60,000 டாலர் கொடுத்துத்தான் சமாதானம். "கப்பம் இல்லை, மீட்புப்பணம் மட்டும்" என்று விளக்கம் சொன்னார்கள். அல்ஜியர்ஸின் கணக்கு 1815-இல்தான் தீர்ந்தது.

லூயிசியானாவை வாங்கியதற்கும் வணிகத் தகராறுக்கும் என்ன தொடர்பு?

மிசிசிப்பி ஆற்றில் வரும் மாவையும் பன்றியிறைச்சியையும் நியூ ஆர்லியன்ஸில் இறக்கி வைத்துக் கடல் கப்பலுக்கு மாற்ற, 1795-இல் ஸ்பெயின் உரிமை தந்திருந்தது. 1802 அக்டோபரில் அங்கிருந்த ஸ்பானிய அதிகாரி அதை நிறுத்தினார். மேற்கு மாவட்டங்கள் கொதித்தன. அந்த ஒரு துறைமுகத்தை வாங்கப் போனவர்களிடம் நெப்போலியன் முழுப் பரப்பையும் நீட்டினார். விலை 1.5 கோடி டாலர். இதில் 1.125 கோடி 6 சதவீத வட்டிப் பத்திரமாகப் போனது. மீதி 37.5 லட்சம் பிரான்சுக்குப் போகவே இல்லை. பிரான்ஸ் பறித்த சரக்குக்கும் கப்பலுக்கும் அமெரிக்க வணிகர்கள் கேட்டுக்கொண்டிருந்த தொகையை அமெரிக்க அரசே அவர்களுக்குக் கொடுப்பதாக ஏற்றது.

"முறிந்த பயணம்" என்கிறார்களே, அது எப்படி வேலை செய்தது?

போர்க்காலத்தில் பிரெஞ்சு, ஸ்பானியத் தீவுகளின் சரக்கை ஐரோப்பாவுக்கு நேராக ஏற்றிச் சென்றால் பிரிட்டன் பிடிக்கும். சமாதானக் காலத்தில் மூடியிருந்த வணிகத்தைப் போர் வந்ததும் நடுநிலையாளருக்குத் திறக்க முடியாது என்பது அதன் 1756-ஆம் ஆண்டு விதி. இதற்கு மாற்று வழி கண்டார்கள். பிரெஞ்சுத் தீவான மார்ட்டினிக்கின் சர்க்கரையை முதலில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துத் துறைமுகங்களான சேலம் (நம்மூர் சேலம் அல்ல) அல்லது பாஸ்டனுக்குக் கொண்டுவந்து இறக்குவது, இறக்குமதி வரிக்குப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது, பிறகு மறு ஏற்றுமதி என்று காட்டி அந்த வரியில் சிறு பங்கு நீங்கலாக மற்றதைத் திரும்பப் பெறுவது, புதிய காகிதங்களோடு அதே சர்க்கரையை "அமெரிக்கச் சரக்காக" ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்புவது. 1800-இல் பாலி கப்பல் வழக்கில் பிரிட்டிஷ் நீதிமன்றம் இதை ஏற்றது. 1807-இல் அமெரிக்க ஏற்றுமதி 10.8 கோடி டாலர் என்றால் அதில் சுமார் 6 கோடி இப்படி அடுத்த நாட்டுச் சரக்கு.

கவிழ்ந்தது 1805-இல். எசெக்ஸ் என்ற கப்பல் பார்சிலோனாவிலிருந்து சேலம் வந்து ஹவானாவுக்குப் புறப்பட்டது. பெரும்பகுதி வரி திரும்பக் கிடைக்கும் என்றால் அது இறக்குமதியே அல்ல, நடுவில் நின்றது வெறும் கண்துடைப்பு என்று நீதிமன்றம் தீர்த்தது. சான்று காட்ட வேண்டிய சுமை கப்பல்காரர் தலையில் விழுந்தது. சட்டப்படி பார்த்தால் பிரிட்டிஷ் வாதம் ஒன்றும் சொத்தையல்ல. கடுப்பேற்றியது, முன்னறிவிப்பில்லாமல் விதியை மாற்றிக் கப்பல்களைப் பிடித்த முறை.

மாலுமிகளைப் பிடித்தது ஏன்? சான்றிதழ் இருந்தும் ஏன் விடவில்லை?

அமெரிக்க வணிகக் கப்பலில் சம்பளம் அதிகம், சவுக்கடி குறைவு. பிரிட்டிஷ் மாலுமிகள் ஓடிவந்து சேர்ந்தார்கள். சுமார் 9,000 பேர் இருக்கலாம் என்று நிதியமைச்சர் காலட்டின் கணக்கிட்டார். பிரிட்டனில் பிறந்தவன் சாகும்வரை பிரிட்டிஷ் குடிமகன் என்பது லண்டனின் நிலை, அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தாலும் செல்லாது. 1796 சட்டப்படி சுங்க அதிகாரி 25 சென்டுக்குக் குடியுரிமைச் சான்றிதழ் கொடுப்பார். அதில் உயரம், நிறம், தழும்பு, பச்சை குத்தியது எல்லாம் இருக்கும். ஆனால் அந்தக் காகிதம் கைமாறியது, விலைக்கும் கிடைத்தது. ஆகவே உண்மையான அமெரிக்கனின் சான்றிதழையும் பிரிட்டிஷ் அதிகாரி மதிக்கவில்லை. 1807 ஜூன் 22-இல் லெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் கப்பல், செசபீக் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலையே சுட்டு நான்கு பேரை இறக்கிக் கொண்டுபோனது. வணிகக் கப்பலைத் தடுப்பது வேறு, போர்க்கப்பலைச் சுடுவது வேறு.

ஜெஃபர்சனின் ஏற்றுமதித் தடை ஏன் தோற்றது?

1807 டிசம்பர் 22 அன்று சட்டம் வந்தது: அமெரிக்கக் கப்பல் எதுவும் வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் புறப்படக் கூடாது. பிரிட்டனையும் பிரான்சையும் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரும் எண்ணம். முதலில் கிழிந்தது சொந்தச் சட்டைப்பை.

உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே கப்பல் ஓடலாம் என்பது முதல் ஓட்டை. கப்பல், சரக்கு இரண்டின் மதிப்பைப் போல இரு மடங்குக்குப் பிணைப் பத்திரம் எழுத வேண்டும். எழுதிவிட்டு, "புயல் அடித்துத் தள்ளிவிட்டது" என்று மேற்கிந்தியத் தீவில் போய் மாவை விற்பார்கள். அங்கே கிடைத்த விலைக்குப் பிணைத்தொகை பறிபோனாலும் சிலருக்கு லாபம். இரண்டாவது ஓட்டை தரை எல்லை. முதல் சட்டம் அதைத் தொடவில்லை. சாம்ப்ளேன் ஏரியில் மரக்கட்டைத் தெப்பங்கள் கனடாவுக்கு மிதந்தன. மேய்ன் எல்லையில் பசமகுவாடி விரிகுடா ஓரம் மாவுப் பீப்பாய்கள் மலைபோலக் குவிந்தன, இருட்டியதும் படகில் அக்கரை போயின. தெற்கே ஸ்பானியப் புளோரிடாவின் அமெலியா தீவு இதே வேலையைப் பருத்திக்குச் செய்தது. மூன்றாவது, தடை வந்தபோது வெளிநாட்டில் இருந்த கப்பல்கள் திரும்பவே இல்லை, அங்கேயே ஓடிப் பிழைத்தன.

நெப்போலியன் இதிலும் லாபம் பார்த்தார். 1808 ஏப்ரலில் பயோன் ஆணை போட்டு, "தடை இருக்கும்போது வரும் அமெரிக்கக் கப்பல் பிரிட்டிஷ் கப்பலாகத்தான் இருக்கும்" என்று சொல்லித் தன் துறைமுகங்களில் நின்றவற்றைப் பறித்தார்.

ஏற்றுமதி 10.8 கோடி டாலரிலிருந்து 1808-இல் 2.2 கோடியாகச் சரிந்தது. ஆனால் அந்த ஆண்டுச் சுங்க வருமானம் சரியவில்லையே என்று சிலர் குழம்புவார்கள். இறக்குமதி வரியை அன்றே கட்டுவதில்லை, தவணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து மாதங்கள் கழித்துக் கட்டுவார்கள். ஆகவே 1808-இல் வந்த சுமார் 1.6 கோடி, முந்தைய ஆண்டுச் சரக்கின் பணம். அடி 1809-இல் தெரிந்தது: சுமார் 70 லட்சம். 1809 ஜனவரியில் பிணையை ஆறு மடங்காக்கி, சரக்கு ஏற்றவே அதிகாரியின் அனுமதி வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்கள் கிளர்ந்தன. மார்ச்சில் தடையை எடுத்துவிட்டு, பிரிட்டன், பிரான்சோடு மட்டும் வணிகமில்லை என்று சுருக்கினார்கள். நடுக்கடலுக்குப் போன கப்பல் எங்கே திரும்புகிறது என்று யார் பார்ப்பது?

பிரிட்டன் ஆணைகளைத் திரும்பப் பெற்ற பிறகா 1812 போர் தொடங்கியது?

இல்லை, ஐந்து நாள் முன்பு. அமெரிக்கா போர் அறிவித்தது ஜூன் 18, நடுநிலை வணிகத்தைக் கட்டுப்படுத்திய தன் ஆணைகளைப் பிரிட்டன் ரத்து செய்தது ஜூன் 23. செய்தி அட்லான்டிக்கைக் கடக்க வாரக்கணக்கில் ஆகும். தெரிந்த பிறகும் அப்போது குடியரசுத் தலைவராக இருந்த மேடிசன் நிறுத்தவில்லை, மாலுமி விவகாரம் அப்படியே இருந்தது. கனடாவைப் பிடிக்கும் ஆசையும், டெகும்சே தலைமையில் திரண்ட பூர்வகுடிகளைப் பற்றி மேற்கு எல்லையில் குடியேறியவர்களின் அச்சமும் சேர்ந்துகொண்டன. மக்களவையில் 79–49, செனட்டில் 19–13. கப்பல் வைத்திருந்த வடகிழக்கு மாநிலங்களில்தான் எதிர்ப்பு அதிகம்.

போருக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

இதுதான் பெரிய சறுக்கல். அமெரிக்க வங்கியின் உரிமத்தை 1811-இல் காலாவதியாக விட்டுவிட்டு 1812-இல் போருக்குப் போனார்கள். சுங்க வரியை இரு மடங்காக்கினார்கள், ஆனால் பிரிட்டிஷ் முற்றுகையில் கப்பல் வந்தால்தானே வரி? 1814-இல் ஏற்றுமதி 70 லட்சம் டாலருக்கு இறங்கியது. 1813-இல் ஒன்றரைக் கோடிக்கும் மேலான கடன் பத்திரங்களில் பெரும்பகுதியை ஜிரார், பாரிஷ், ஆஸ்டர் என்ற மூன்று செல்வந்தர்கள் வாங்கியதால் வண்டி ஓடியது. 1814 ஆகஸ்ட் 24-இல் தலைநகர் வாஷிங்டனைப் பிரிட்டிஷ் படை எரித்தபின் நியூ இங்கிலாந்துக்கு வெளியே பல வங்கிகள் காகிதத்துக்கு நாணயம் தர மறுத்தன. 4.5 கோடியாக இருந்த கடன் போர் முடிந்தபின் 12.7 கோடி.

படையும் இதே கதி. 1812 அக்டோபரில் கனடாவின் குயின்ஸ்டன் மேட்டில் சண்டை நடந்துகொண்டிருக்க, நியூயார்க் குடிப்படை நயாகரா ஆற்றின் இக்கரையில் நின்று, மாநில எல்லையைத் தாண்டிப் போரிடும் கடமை தங்களுக்கில்லை என்றது.

மைசூர் ராக்கெட் அமெரிக்கப் போரில் பாய்ந்ததா?

அதன் வாரிசு பாய்ந்தது. 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர், திப்பு படையின் இரும்புக்குழல் ராக்கெட்டுகளைப் பிரிட்டிஷார் பட்டு அறிந்தார்கள். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தபின் கிடைத்தவற்றைப் பார்த்து லண்டனை ஒட்டிய உலிச் ஆயுதசாலையில் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் தன் ராக்கெட்டை உருவாக்கினார். அது வாஷிங்டன் அருகே பிளேடன்ஸ்பர்க்கில் அமெரிக்கக் குடிப்படையைச் சிதறடித்தது. 1814 செப்டம்பர் 13–14-இல் பால்டிமோரின் மெக்ஹென்றி கோட்டைமேல் 25 மணி நேரம் குண்டுகளோடு விழுந்தது. அமெரிக்க தேசிய கீதத்தில் வரும் ராக்கெட்டின் செந்நிற ஒளி அதுதான். குறி தவறும் ஆயுதம், கோட்டை விழவில்லை.

கென்ட் உடன்படிக்கையில் யார் வென்றது?

1812-இல் தொடங்கிய போரை முடித்த இந்த உடன்படிக்கை, இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1814 டிசம்பர் 24-இல் கையெழுத்தானது. பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் சாரம். மாலுமி பிடிப்பும் நடுநிலை வணிகமும் அதில் பேச்சுக்கே வரவில்லை. நெப்போலியன் வீழ்ந்ததால் பிரிட்டனுக்கு அவை தேவைப்படவும் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் சண்டை (1815 ஜனவரி 8) "போர் முடிந்தபின் நடந்தது" என்பது அரைகுறைத் தகவல். இரு தரப்பும் ஏற்ற பிறகே போர் ஓயும் என்று உடன்படிக்கையே சொல்கிறது. செனட் ஏற்றது பிப்ரவரி 16-இல்.

உண்மையாகத் தோற்றவர்கள் பூர்வகுடிகள். 1811-இல் இருந்த நிலத்தைத் திருப்பித் தருவதாக 9-ஆம் பிரிவு சொன்னது, நடக்கவில்லை. 1814 ஆகஸ்டில் கிரீக் மக்களிடமிருந்து பறித்தது மட்டும் சுமார் 2.3 கோடி ஏக்கர்.

சென்னைக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு. 1815 ஜூலை 3-இல் லண்டனில் கையெழுத்தான வணிக ஒப்பந்தத்தின் 3-ஆம் பிரிவு அமெரிக்கக் கப்பல்களுக்குத் திறந்த துறைமுகங்களைப் பெயர் சொல்லிக் குறித்தது: கல்கத்தா, மதராஸ், பம்பாய், பினாங்கு. சரக்கை அமெரிக்காவில்தான் இறக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை அப்படியே தொடர்ந்தது.

ஆனால் அடுத்த ஆண்டே அமெரிக்கா தன் பக்கக் கதவைச் சாத்தியது. 1816 வரிச் சட்டத்தில் பருத்தித் துணிக்கு 25 சதவீதம் வரி. சதுர கெஜம் 25 சென்டுக்குக் குறைவான துணியையும் 25 சென்ட் என்றே மதிப்பிட வேண்டும் என்று ஒரு துணைவிதி. கணக்குப் போட்டால் கெஜத்துக்குக் குறைந்தது ஆறேகால் சென்ட். 8 சென்டுக்கு வாங்கிய முரட்டு இந்தியத் துணிமேல் இது 78 சதவீத வரியாகிறது, 25 சென்ட் ஆங்கிலத் துணிக்கோ வெறும் 25 சதவீதம்தான். போர்க்கால முற்றுகையில் முளைத்த மாசச்சூசெட்ஸ் நெசவாலைகளுக்காக அவற்றின் அதிபர்களில் ஒருவரான லோவெல் கேட்டு வாங்கிய விதி அது. இந்தியத் துணியை இறக்கிப் பிழைத்த சேலம் வணிகர்கள் எதிர்த்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை.